வசந்தாமணியின் மருந்து போன வீடுகள்

வசந்தாமணிக்கு ஏற்றிய மருந்து அவள் உடம்பை விட்டு வெளியே வந்து நாலாம் நம்பர் வீட்டுக்குப் போன அன்று வியாழக்கிழமை, லைன் வீடுகளுக்குத் தண்ணீர் விடும் நாள். அதனால் மற்ற பத்து வீட்டுப் பெண்களும் குடங்களோடு வாசலில்தான் இருந்தார்கள், எல்லோரும் பார்த்தார்கள், ஒருத்தியும் குடத்தைக் கீழே போடவில்லை. முதலில் அவள் முழங்கை மடிப்பில், ஊசி ஏறிய இடத்தில், மாவு சலிக்கும்போது வெயிலில் எழுமே அப்படி ஒரு தூசு புகைந்தது. பிறகு அது பழுத்த செம்பின் நிறத்தில், புதுச் சாவியை மோந்தால் வருகிற வாசனையோடு, ஒரு சாரைப்பாம்பின் நீளத்துக்கு நீண்டு, கட்டிலைச் சுற்றி வந்து, நிலைப்படி தாண்டி, கொடியில் காய்ந்த துணிகளுக்கு அடியில் குனிந்து, குழாயடியை ஒதுங்கிக் கடந்து, வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டே போய், நாலாவது வீட்டில் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்த பொங்கியண்ணனின் தொண்டைக் குழியில் உட்கார்ந்தது.

சாயப்பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் கொதிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் பொங்கியண்ணன். இரண்டு மாதமாகக் குரல் கம்மிக் கிடந்தது, சாய ஆவி பிடித்ததாக்கும் என்று இருந்துவிட்டார். மருந்து எழுந்திருக்கும் என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். எழுந்திருக்கக் காணோம். பக்கத்து வீட்டுக் கோழி தன் அடுப்படியில் வந்து அடைந்துவிட்டால் எப்படிப் போய்ச் சொல்வாரோ அப்படியே, கழுத்தை அசைக்காமல் தூக்கிப் பிடித்தபடி, ஒன்பதாம் நம்பர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சென்னியப்பா, உங்கூட்டு மருந்து எங்கூட்டுக்கு வந்திருச்சப்பா. வந்து கூட்டிக்கிட்டுப் போ."

வசந்தாமணியின் புருஷன் சென்னியப்பன் எவர்சில்வர் டம்ளரோடு ஓடி வந்தான். டம்ளரைக் கழுத்தில் வைத்து வழித்தான், கைக்குட்டையால் ஒற்றினான், வாயால் ஊதினான். மருந்து டம்ளருக்குள் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்து, திரும்பவும் பொங்கியண்ணனின் தொண்டையிலேயே ஒட்டியது. பொழுது இறங்குவதற்குள் அது தோலுக்குள் இறங்கிவிட்டது.

அந்த லைனில் யாரும் இதற்கு வாய்பிளக்கவில்லை என்பதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. சாயத் தண்ணீர் ஊறிய மண்ணில் ஒரு வருஷம் முருங்கைக்காய் ஊதாவாகக் காய்த்தபோது அதையும் பொரியல் செய்து சாப்பிட்டவர்கள் அவர்கள். மறுநாள் பொங்கியண்ணன் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார். தொண்டையில் கட்டி இருக்கிறது, மிளகு அளவு, என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் போனார். கட்டி இருந்த தடம்தான் இருக்கிறது, கட்டி இல்லை என்றார்கள். வரும்போது பஸ்ஸிலேயே அவருக்குக் குரல் திறந்துகொண்டது, கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொன்ன சத்தத்தில் முன் சீட்டுக் குழந்தை பயந்து அழுதது.

வசந்தாமணியின் வயிறு மட்டும் இன்னும் இரண்டு விரல்கடை வீங்கியிருந்தது.

அவளுக்குப் புற்று சினைப்பையில் தொடங்கி வயிறு பூராவும் பரவியிருந்தது. மற்ற மருந்தெல்லாம் பார்த்து, முடியெல்லாம் கொட்டி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற பிறகுதான் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெப்சிபா இந்தப் புது மருந்தைப் பற்றிச் சொன்னார். சோதனை முறையில் தருவது, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை, ஏழாவது என்று கிடையாது.

"நானோ துகள்னு சொல்லுவோம்ங்க. ஒரு தலைமுடியை நெடுக்க ஆயிரமாப் பிளந்தா எவ்வளவு தடிமன் வருமோ அவ்வளவுதான் ஒவ்வொண்ணும். மருந்தை அதுக்குள்ள பொட்டலம் கட்டி அனுப்பறோம். நோய் எங்க இருக்கோ அங்க அதுவே தேடிப் போய் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டு, உடம்புக்குள்ள இருக்கற காவல்காரங்களைக் கூப்பிட்டு, இவன்தான் திருடன்னு காட்டிக் குடுக்கும். மத்ததை அவங்க பாத்துக்குவாங்க" என்றார் டாக்டர்.

ஆயிரத்தில் ஒரு பங்கு முடி என்றதும் சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் தொழில் வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கும் கதவுக்கும் கொசுவலை அடிப்பது. எந்த வலைக்கண் அளவில் கொசு நிற்கும், எதில் அதைவிடச் சின்னப் பூச்சி நிற்கும் என்று விரலால் தடவியே சொல்லிவிடுவான். அன்றைக்கு அவன் சிரித்ததைப் பார்த்து வசந்தாமணியும் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்தோரு வருஷம், பிள்ளை இல்லை, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பதுதான் அந்த வீட்டில் நடக்கிற நோம்பி, பண்டிகை எல்லாம்.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்தபோது லைன் தயாராக இருந்தது. முதல் இரண்டு தடவையிலேயே, ஊசி போட்ட மூன்றாம் நாள் நாலு மணிக்குமேல் மருந்து வெளியே கிளம்பும் என்பது தெரிந்துவிட்டதால், அந்த வேளையில் மின்விசிறி போடுவதில்லை, விளக்குமாறு எடுப்பதில்லை, சாம்பிராணி காட்டுவதில்லை, பிள்ளைகள் சந்தில் ஓடக் கூடாது என்று அவர்களாகவே முறை வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் கதவைத் திறந்துவைத்து, கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மருந்து மேலே நின்று முகர்ந்து பார்த்துவிட்டுப் போனால் "அப்பாடா" என்று எழுந்து உலை வைக்கப் போனார்கள். நின்று உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டில் கொஞ்ச நேரம் அழுதார்கள், பிறகு விடிந்ததும் பஸ் ஏறினார்கள். மருந்து உட்கார்ந்த வீடு, உட்காராத வீடு என்று பேச்சில் புதிதாக ஒரு பிரிவு வந்தது. பெண் கேட்டு வந்த தரகர் ஒருத்தர் ஜாதகத்துக்கு முன்னால் அதைத்தான் விசாரித்தார்.

அந்தத் தடவை அது ஆறாம் நம்பர் வீட்டு அம்மாளின் குடலுக்கும், கடைசி வீட்டு மைனாவதியின் இடது மார்புக்கும் போனது. மைனாவதி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒண்டியாக இருந்தாள். மாரில் கல் மாதிரி ஒன்று இருப்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும், லீவு கிடைக்காததால் யாரிடமும் சொல்லவில்லை.

வாங்கிக்கொண்டவர்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஆளுக்கொரு நாள் முறைவைத்து ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குச் சமைத்தார்கள். நாட்டுக்கோழிச் சாறு, கொள்ளு ரசம், பூப்போல வெந்த அரிசிம்பருப்புச் சோறு. வசந்தாமணியால் இரண்டு வாய்க்குமேல் முடியாது. மீதியை மூடிவைத்துவிட்டு, "என்னால நாலு பேரு நல்லாருக்காங்களே மாமா, அது போதாதா?" என்பாள். சென்னியப்பன் அந்தப் பாத்திரங்களைக் கழுவாமலே திருப்பிக் கொடுத்தான். பொங்கியண்ணனின் கணீரென்ற குரல் சந்தில் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு, தன் வீட்டுச் சாமானை இன்னொருத்தர் வீட்டில் பார்த்த மாதிரி வயிறு எரிந்தது.

நாலாவது தடவை அவன் வீட்டை அடைத்தான். கையிருப்பில் இருந்த மிகச் சன்னமான வலையை ஏழு மடிப்பாக ஜன்னலில் அடித்தான், அதன்மேல் பட்டுத் துணி, அதன்மேல் மெழுகு பூசிய தார்ப்பாய். கதவின் சந்துகளில் மாவுப் பசை அப்பினான், சுவரோடு போகும் ஒயர் ஓட்டையைக்கூட விடவில்லை. உள்ளே காற்று நின்றுபோய், வசந்தாமணி மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். நாலு மணிக்கு மருந்து அவள் முழங்கையிலிருந்து எழுந்து, அவன் இரண்டு நாள் உட்கார்ந்து செய்த வேலையை ஒரு கணம் நின்று பார்த்தது, பிறகு ஏழு வலை, பட்டு, மெழுகு, தார்ப்பாய் எல்லாவற்றிலும் தண்ணீரில் நடக்கிற வெயில் போல நடந்து வெளியே போய்விட்டது. சென்னியப்பன் தார்ப்பாயில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். தொழில் கற்ற இருபத்தாறு வருஷத்தில் அவன் வலை தோற்றது அதுதான் முதல் தடவை.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் ஹெப்சிபா, சென்னியப்பன் நடந்ததைச் சொன்னபோது நம்ப மாட்டேன் என்று சொல்லவில்லை.

"ஏத்தினதுல பத்துல ஒரு பங்குகூட உள்ள இல்லைங்க" என்றார்.

"ஏன் டாக்டரம்மா இவ உடம்புல தங்க மாட்டேங்குது? இவ என்ன பாவம் பண்ணுனா?"

டாக்டர் படத்தை மேஜையில் வைத்துவிட்டு, "இவங்க உடம்புல காவல்காரங்களே மிச்சம் இல்லைங்க. அத்தனை பேரும் ஓஞ்சு போயிட்டாங்க. மருந்து கூப்பிட்டுப் பாக்குது, யாரும் வர்றதில்லை. கூப்பிட்டா வர்ற இடமாத் தேடிப் போகுதோ என்னவோ. எங்க புஸ்தகத்துல இதுக்குப் பக்கம் இல்லை" என்றார்.

"அக்கம்பக்கத்துல யாருமே இல்லைன்னா?"

"யாருமே இல்லைன்னா போறதுக்கு இடம் இருக்காதே" என்று டாக்டர் யோசனையில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சென்னியப்பன் வீடு வரைக்கும் வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தான்.

ஐந்தாவது தடவைக்கு முந்தின நாள் அவன் குழாயடியில் நின்று லைனை அழைத்தான். கும்பிட்ட கையை இறக்கவேயில்லை.

"ஒரே ஒரு வாரம். எல்லாரும் ஒறம்பரை, சொந்தபந்தம் வீட்டுக்குப் போயிருங்க. உங்க காலுல வேணும்னாலும் உழுகறனுங்க. இந்த ஒரு தடவை அது அவகூட இருக்கட்டும்."

மறுநாள் மத்தியானத்துக்குள் பாயும் பெட்டியும் ஆட்டுக்குட்டியுமாக லைன் காலியானது. மூன்று தெரு தள்ளி இருந்தவர்களும், ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு சந்து முனையில் வாரக்கணக்காகக் காத்துக் கிடந்த வெளியூர்க்காரர்களும்கூட, பொங்கியண்ணன் போய்ப் பேசியதில் எழுந்து போனார்கள். பதினோரு வீட்டில் பத்துப் பூட்டு தொங்கியது. இவ்வளவு நிசப்தமாக அந்த இடம் இருந்ததே இல்லை.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு மருந்து எழுந்தது. சென்னியப்பன் கட்டிலோரம் உட்கார்ந்து, உள்ளே போ, உள்ளே போ என்று ஆட்டுக்குட்டியைப் பட்டிக்குள் விரட்டுகிறவனைப் போல இரண்டு கையாலும் சாடை காட்டினான். மருந்து அறைக்குள் தயங்கித் தயங்கிச் சுற்றியது. அவளுக்குள்ளேயே திரும்பப் போகத்தான் போகிறது என்று அவன் நினைத்த அந்த நேரத்தில், எதையோ மோப்பம் பிடித்தது போல விறைத்து நீண்டு, வாசல் வழியாக நேராகப் பதினோராம் நம்பர் வீட்டுக்குப் போனது. அந்தக் கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. பூட்டின் சாவித் துவாரத்தில் மருந்து நுழைந்துகொண்டிருந்தது.

அவன் சுத்தியலால் அடித்துப் பூட்டைத் தெறிக்கவிட்டான். உள்ளே அடுப்புத் திண்டுக்குக் கீழே மைனாவதி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பி, மூத்தவளை வெளியே பூட்டிவிட்டுப் போகச் சொல்லியிருந்தாள்.

"அண்ணா, பாதிதாண்ணா கரைஞ்சிருக்குது" என்றாள். "இன்னொரு தடவை வந்தாப் போதும். ரெண்டும் பொட்டப் புள்ளைங்கண்ணா."

சென்னியப்பன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். ஒரு பெண்ணை அவன் அப்படிப் பிடித்ததே கிடையாது. தரையில் தேய்த்து, படியில் இடித்து, சந்து முனைக்கு இழுத்துக்கொண்டு போனான், மருந்து அவள் மார்பைச் சுற்றி வண்டாக மொய்த்தபடி கூடவே வந்தது, அவள் ஒரு கையால் அவன் பிடியையும் மறு கையால் மருந்தையும் பற்றிக்கொண்டு அலறினாள், சுற்றிலும் பூட்டிய வீடுகளைத் தவிர அதைக் கேட்க யாருமில்லை. கேட்டது ஒருத்திதான். நடக்கவே முடியாத வசந்தாமணி சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்திருந்தாள்.

"விடுங்க அவளை" என்றாள். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. "நீங்க இப்படி இருந்து நான் பொழைக்கோணுமா?"

அவன் கை தானாகத் திறந்தது. மைனாவதியின் மணிக்கட்டில் அவன் விரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன. மருந்து கடைசித் துளிவரைக்கும் அவளுக்குள் இறங்கி முடியும்வரை மூன்று பேரும் அங்கங்கே இருந்த இடத்திலேயே, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருந்தார்கள்.

இனி ஒரே ஒரு தடவை பாக்கி. ஆறாவது ஊசி முடிந்ததும் சென்னியப்பன் லைனுக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வசந்தாமணியை வேனில் படுக்கவைத்து, தெற்கே வறட்டுக்காட்டில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். நான்கு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பாறையும் வேலமரமும்தான், ஆடு மேய்ப்பவர்கள்கூட வருவதில்லை. வேன்காரரை நின்று தண்ணீர் குடிக்கக்கூட விடாமல் அனுப்பிவைத்தான். கயிற்றுக்கட்டில், அரிசி, நாலு குடம் தண்ணீர். மூன்று நாளும் அவன் கொட்டகையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தான், மனித நடமாட்டம் தெரிகிறதா என்று பாறைமேல் ஏறி ஏறிப் பார்த்தான். வசந்தாமணி விழித்திருந்த நேரமெல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தெ நேரம் வந்து பக்கத்துல உக்காருங்களேன் மாமா."

"நாளைக்குப் பொழுதோட உக்காருறேன் அம்முணி. நாளைக்கு அது உனக்குள்ள தங்கிருச்சுன்னா, அப்பறம் உன்ற பக்கத்துல இருந்து எந்திரிக்கவே மாட்டேன்."

மறுநாள் நாலு மணிக்கு மருந்து வெளியே வந்தது. இந்தத் தடவை நிறைய இருந்தது, கொட்டகை பூராவும் செம்பு நிறமாயிற்று. கிழக்கே போய்ப் பார்த்தது, ஆள் இல்லை. மேற்கே போய்ப் பார்த்தது, ஆள் இல்லை. கூரைமேல் ஏறி நின்று நாலா திசையும் பார்த்தது. சென்னியப்பன் வாசலில் நின்று, பார்த்துக்கோ, நல்லாப் பார்த்துக்கோ, ஒருத்தரும் இல்லை என்று சிரித்தான், பல மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். மருந்து மெதுவாகக் கீழே இறங்கிக் கொட்டகைக்குள் திரும்பியது. பிறகு அவன் கண்ணில் படவில்லை.

"போயிருச்சா? உள்ள போயிருச்சா அம்முணி?" கட்டிலுக்கு ஓடி அவள் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்க காணோம்? உனக்குள்ளதான போச்சு? சொல்லு."

அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை, அவன் தோளைத் தாண்டி இருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான், பின்னால் யாரும் இல்லை. திரும்பவும் அவளைப் பார்த்தான். அவள் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, ஆனால் முகம் அழுகிற முகமாக இல்லை.

"முதுகுல" என்றாள். "இடது பக்கம், விலாவுக்குக் கீழ. உக்காந்திருச்சு மாமா."

அவன் சட்டையைக் கிழித்துக் கழற்றினான். கை எட்டிய மட்டும் முதுகைப் பிறாண்டினான். சுவரில் தேய்த்தான், தோல் உரிந்தது, மருந்து அசையவில்லை. தான் இங்கே இல்லாமல் போனால் அதற்கு வேறு வழியிருக்காது என்று தோன்றியதும் ஓடத் தொடங்கினான். வேலமுள் கிழிக்க, செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ, பாறை தாண்டி, பள்ளம் தாண்டி, கொட்டகை ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும் ஓடினான். "திரும்பிப் போ, அவகிட்டப் போ, எனக்கு வேண்டாம், நான் கேக்கலையே!" என்று அந்த வெட்டவெளியில் தன் முதுகோடு சண்டை போட்டான், மண்ணில் புரண்டான், கும்பிட்டான். முதுகு வெதுவெதுவென்று இருந்தது. திரும்பி வரும்போது அவனால் நடக்கத்தான் முடிந்தது.

வசந்தாமணி அவன் வருவதையே பார்த்தபடி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"ஓடி முடிச்சாச்சுங்களா?" என்றாள். "இப்பவாச்சும் உக்காருங்க."

அவன் தரையில் உட்கார்ந்து அவள் கட்டிலில் முதுகைச் சாய்த்தான். இருக்கிற மருந்தில் கொஞ்சமாவது அவள் பக்கம் திரும்பாதா என்று முதுகை அவள் வயிற்றோடு ஒட்டவைத்தான். அவள் அவனை ஒரு கையால் சுற்றிப் பிடித்து, மற்ற கையை அவன் இடது விலாவுக்குக் கீழே வைத்தாள். அது இறங்கி முடியும்வரை எடுக்கவில்லை. சென்னியப்பன் அழுதான். ஒரு கல் தொலைவுக்கு யாருமில்லாததால் எவ்வளவு சத்தமாக அழ முடியுமோ அவ்வளவு சத்தமாக அழுதான்.

டாக்டர் ஹெப்சிபா அவனுக்கு ஸ்கேன் எடுத்தபோது இடது சிறுநீரகத்தில் நிலக்கடலை அளவில் ஒன்று கரைந்துகொண்டிருந்தது. வசந்தாமணி பக்கத்துச் சக்கர நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தாள்.

"இதை எடுத்து அவளுக்குக் குடுத்தர முடியாதுங்களா?" என்று கேட்டான்.

டாக்டர் படத்தை உறையில் போட்டார், திரும்ப எடுத்தார், திரும்பப் போட்டார்.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் காலையில் வசந்தாமணி போய்விட்டாள். லைனே அவளைத் தூக்கியது. பொங்கியண்ணன் முன்னால் நின்று குரல் கொடுத்த சத்தம் சாயப்பட்டறை வரைக்கும் கேட்டது. எடுத்துவிட்டு வந்து, குளித்துவிட்டு, சென்னியப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அப்போது அவனுக்குப் பசித்தது. சாதாரணப் பசியில்லை, எட்டு மாதமாகத் தன்னிடம் பசியென்று ஒன்று இல்லாமலிருந்ததே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது வெட்கமில்லாமல் வயிற்றிலிருந்து எழுந்து, நெஞ்சை அடைத்து, வாயில் எச்சிலாக ஊறியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டு பார்த்தான்.

மைனாவதி சோற்றுப் போசியோடு வந்து, தட்டு வைத்துப் பரிமாறினாள். அவன் அள்ளி அள்ளித் தின்றான். கண்ணீரும் சளியும் சோற்றில் விழ விழத் தின்றான், தட்டு காலியானதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னும் போடட்டுங்களாண்ணா?" என்றாள் மைனாவதி.

அவன் தட்டை நீட்டினான்.